இருப்பிடம் தெரியாதவர்

அன்பு மகள் வசீலாவுக்கு உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் உம்மாவும், என் இடுப்புப் பிடிப்பும் அவளுடைய கோபமும் உட்பட, அல்லாஹ் அருளால் நலம். எல்லைக்கு அந்தப் பக்கம் திலெம்சானில் ரஹ்மா அத்தைக்குத் துணையாகப் போன நீயும் அத்தையும் நலமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறோம், ஆறாவது வேளை என்று ஒன்று இருந்தால் அதிலும் கேட்போம். போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் இந்தப் பக்கம் உன் உம்மா நிற்பாள், அந்தப் பக்கம் உன் அத்தை நிற்பாள், இரண்டு பேரும் அழுது முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும், சொல்ல வந்தது என் வாய்க்குள்ளேயே செத்துப்போகும். தபாலில் போட்டாலோ கடிதம் பிரான்சுக்குப் போய்க் குளிரில் நடுங்கி, மாதக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டுத்தான் உன்னிடம் வரும். அதனால் கத்தூரின் கழுதையிடம் கொடுத்திருக்கிறேன். நம் பின்சந்து கத்தூர்தான், உங்கள் பக்கத்துப் பெட்ரோலை எங்கள் பக்கம் கொண்டுவந்து விற்கிறானே, அவனேதான். அவன் கழுதைகள் காலி டின்னோடு தாமாகவே எல்லையைத் தாண்டிப் போகும், நிறைந்த டின்னோடு தாமாகவே திரும்பி வரும். இரண்டு அரசாங்கமும் தூதர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்ட பிறகு உறவை முறிக்காமல் வைத்திருப்பது அந்தக் கழுதைகள் மட்டுந்தான். கடிதத்தில் கொஞ்சம் பெட்ரோல் வாடை அடித்தால் பொறுத்துக்கொள், விளக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்காதே.

ஊர்ச் செய்தி என்றால் கடை நன்றாக ஓடுகிறது. இது கல்யாண மாதம், இருக்கிற மணப்பெண் பல்லக்கு ஐந்தும் வாடகைக்குப் போய்விட்டது, நம் ஊஜ்தாவில் உள்ள பெண்களை எல்லாம் உன் வாப்பா நான் தூக்கி உட்காரவைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஊரான் வீட்டுப் பெண்களுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. சலூன் பின்அமரைக் கேட்டால் எல்லை அடுத்த வாரம் திறக்கிறது. அவன் கணக்கில் எல்லை எப்போதுமே அடுத்த வாரந்தான் திறக்கும். இந்தத் தடவை காரணம் என்னவென்றால் எங்கோ ஒரு மாநாட்டில் நம் மந்திரியும் உங்கள் மந்திரியும் கைகுலுக்கினார்களாம், படம் பேப்பரில் வந்ததாம். நானும் பார்த்தேன். விரல் நுனியால், ஈரச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாளே முதலில் கையை நீட்டியது அவர்தான், நான் இல்லை என்று இரண்டு பேரும் அறிக்கை விட்டார்கள். உங்கள் பக்கத்து ஜனங்கள் விடுதலைக்குச் சண்டை போட்ட காலத்தில் நம் ஊரில்தான் ஒளிந்திருந்தார்கள், உன் பாட்டனார் கடைப் பல்லக்குக்கு அடியில்கூடத் துப்பாக்கி கிடந்தது என்பார்கள். பிறகு விடுதலை கிடைத்த மறுவருடமே இரண்டு நாடும் எல்லை மணலுக்காக அடித்துக்கொண்டன. ஒரே மொழி, ஒரே தொழுகை, ஒரே கஞ்சி, அண்ணன் தம்பி என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறான் பின்அமர். அவனும் அவன் தம்பியும் ஒரு சுவருக்காகப் பேசாமல் இருப்பவர்கள், அவனுக்குத் தெரியும்.

சரி, வெள்ளிக்கிழமைக் கதைக்கு வருகிறேன், அதை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, சிரித்து முடித்தவுடன் என்ன வருகிறது என்று உன் உம்மாவிடம் கேட்டுக்கொள். உன் நிக்காஹை எழுதவேண்டுமென்றால் உன்னைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளி, அதாவது வலி, வேண்டும், உன் வலி நான், நான் நேரில் சொல்லவேண்டும். துனிஸ் வழியாகப் பறந்து வரலாமென்று விசா கேட்டால், மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள். மேலிடத்தில் பேசிக்கொள்ளாததுதானே தொல்லையே. நீ இங்கே வந்துவிட்டால் திரும்பிப் போகமுடியாது. அதனால்தான் எல்லோரும் செய்கிறதை நாமும் செய்தோம், எல்லையில் இருக்கிற ஆற்றுப் பள்ளத்துக்கு இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் நீ. அங்கே ஜனங்கள் பிள்ளை பிறந்ததைக் கத்திச் சொல்கிறார்கள், மையத்து விழுந்ததைக் கத்திச் சொல்கிறார்கள், நிக்காஹையும் கத்திச் சொன்னால் ஆகாதா என்று பார்த்தோம். உன் உம்மா ஒரு வாரமாக எனக்குத் தேனும் ஓமமும் ஊட்டினாள், கல்யாணப் பாட்டுக்காரி மாதிரி நான் மாடியில் நின்று பயிற்சி எடுத்ததில் பக்கத்து வீட்டுக் கோழிகள் முட்டை போடுவதை நிறுத்திவிட்டன.

நீங்கள் கூட்டிவந்த நிக்காஹ் எழுத்தர் கெட்டிக்காரர், குற்றம் சொல்லமாட்டேன். கையைக் குவித்து, ஹாஜி, நீங்க யாருன்னார். நான் ஹஜ்ஜுக்கே போகவில்லை, அதை மறுப்பதா முதலில் மற்றதைச் சொல்வதா என்று குழம்பி, பொண்ணோட வாப்பா, மீசையைப் பாருங்கன்னு கத்தினேன். அந்த மீசை இந்தக் கரையிலேயே நாலு பேருக்கு இருக்கு, வாப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சதா ஒண்ணு கேளும்மா என்று அவர் உன்னிடம் சொன்னார். நீ கேட்டாயே ஒரு கேள்வி, வாப்பா, சின்னதுல நான் எதை முழுங்குனேன் என்று! கேட்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா உனக்கு? பல்லக்குப் பித்தளைக் குமிழ்னு சொன்னேன், அதோடு விட்டிருக்கலாம், அது எப்படி வெளிய வந்துச்சு மாமான்னு கத்தியது உன் மாப்பிள்ளை ஹவாரிதானே? ரெண்டு நாள் கழிச்சு தானா வந்துச்சு மாப்ள, இன்னும் அதே பல்லக்குலதான் இருக்கு, நல்லா கழுவிட்டோம்னு நானும் கத்தித் தொலைத்தேன். இரண்டு கரையும் சிரித்தது, துப்பாக்கி வைத்திருந்த காவலாளிகூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். பையன் நல்ல பையன், முதல் பேச்சிலேயே மாமனாரின் மானத்தை வாங்குகிறவன் உன்னைச் சிரிக்க வைத்துக் காப்பாற்றுவான்.

எழுத்தரும் சரி, இவர்தான், சொல்லுங்க என்றார். நான் சொல்லத் தொடங்கினேன். என் மகள் வசீலாவை என்பதுவரைக்கும் நன்றாகத்தான் வந்தது. கொடுத்தேன் என்கிற இடத்தில் இருமி நிறுத்திவிட்டேன், ஓமத்தின் மேல் பழி போட்டேன், உன் உம்மா நம்பவில்லை. இரண்டாம் தடவை சொன்னால் கடல்காற்று அள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் தடவை பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம், பெர்கான் ஊர்க்காரர்கள், தங்கள் பிள்ளையை அந்தக் கரையில் நின்ற அதன் அத்தைக்குத் தூக்கிக் காட்ட வந்தவர்கள், நாங்களும் சேர்ந்து சொல்றோம் மாமா, கேக்காம எங்க போயிடும்னு சொல்லிக் கரையிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கொடுத்தோம் என்று கத்தினார்கள். உங்கள் கரை சும்மா இருக்குமா, அத்தனை பேரும் ஏத்துக்கிட்டோம் என்று திருப்பிக் கத்தியது. எழுத்தர் பேனாவை மூடினார். நாப்பது பேரு பொண்ணைக் குடுத்து நாப்பது பேரு ஏத்துக்கிட்டா நான் யாருக்கு யாரை எழுதுறதுன்னு அவர் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது, அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றுவிட்டது. அப்புறம் விசில் ஊதிக் கலைத்துவிட்டார்கள். நீ கையைத் தூக்கினாய், நான் தூக்குவதற்குள் கரைச் சாலையில் ஒரு லாரி வந்து மறைத்தது.

கத்தூரிடம், நானும் உன் கழுதைகளோட வர்றேன்டா என்று கேட்டேன். அதுங்களுக்கு வழி தெரியும் மாமா, உங்களுக்குத் தெரியாதேன்னான். அப்படியே வந்தாலும் ஆகாது என்று உன் அத்தை விசாரித்துச் சொன்னாள். முத்திரை குத்தாமல் வந்தவன் சட்டப்படி வரவே இல்லையாம், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாலும் இல்லாதவன்தானாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் வசீலா. காஜி ஒரு வழி சொல்லியிருக்கிறார் என்றும் நீ முடியாது என்று எழுந்து வந்துவிட்டாய் என்றும் அத்தை சொன்னாள். வலி உயிரோடிருந்தும் இருப்பிடம் தெரியாதவர் என்று மகள் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் காஜியே வலியாக நின்று நிக்காஹை முடித்துவைப்பாராம். என் வாப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும், பள்ளத்துக்கு அந்தாண்ட மீசையோட நிக்கிறாருன்னு அவரிடம் சொன்னாயாமே. சொல்வாய், என் மகள்தானே. உன் உம்மாவும் கேட்டவுடன் குதித்தாள், உசுரோட இருக்கிற மனுசனைக் காணோம்னு எழுதிக் குடுக்கிறதா, நாளைக்கு மையத்துத் தொழுகையையும் அங்கிருந்தே தொழுது முடிச்சிருவாங்க என்று கத்தினாள். இரண்டு நாள் கழித்து அவளே, எழுதிக் குடுக்கட்டும், நீங்க வீட்ல இருக்கும்போதே காணாமத்தானே இருக்கீங்க என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை, நானும் போய்ப் பார்க்கவில்லை.

ஹவாரிக்குத் தெற்கே பாலைவனத்தில் அத்ராருக்கு வாத்தியார் வேலை மாற்றல் வந்துவிட்டது, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவன் போகவேண்டும், கட்டிய மனைவியைத்தான் கூட்டிப்போக விடுவார்கள். எல்லை திறக்கட்டும் என்று இரண்டு கோடை பார்த்துவிட்டோம். பின்அமரின் அடுத்த வாரத்தை நம்பி நீ இன்னொரு கோடையும் இருந்தால் அந்தப் பையன் எவ்வளவு நாள் தனியாக மணலைப் பார்த்துக்கொண்டிருப்பான்? அத்ரார் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும், வரைபடத்தில் என் சாண் பற்றவில்லை. அங்கே போனபின் வெள்ளிக்கிழமை பள்ளத்துக்கு வா என்று நான் கூப்பிடமுடியாது, நீ வரவும் முடியாது. அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன், யோசிக்காமல் எழுதுகிறேன் என்று நினைக்காதே. இந்த மீசையை வைத்துக்கொண்டு நான் எந்த மந்திரியைப் போய்ப் பிடிப்பேன்? என்னால் ஆனது ஊருக்குப் பல்லக்கு வாடகைக்கு விடுவதும் கரையில் நின்று கத்துவதும்தான், இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஆகவே கையெழுத்துப் போடு. இது உன் வாப்பாவின் உத்தரவு, வாப்பாவின் உத்தரவை நீ கேட்ட சரித்திரம் இல்லை, இந்த ஒன்றை மட்டும் கேள். காஜி மூன்று தடவை கேட்பாராம், உன் தகப்பனார் எங்கே இருக்கிறார் தெரியுமா என்று. மூன்று தடவையும் தெரியாது என்று சொல். தலையைக் குனிந்துகொள், உனக்குப் பொய் சொன்னால் சிரிப்பு வரும், உன் வாப்பா வழி அது. அதையும் மீறி அழுகை வந்தால் அழுதுவிடு, வாப்பாவைக் காணாத பெண் அழுகிறாள் என்று எழுதிக்கொள்வார்கள், வழக்குக்கு நல்லது.

அத்தையிடம் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், அவளைத் தனியாக விட்டுப் போகிறோமே என்று வருந்தாதே, அவளுடைய நாத்தனார் மகள் வந்திருப்பதாகச் சொன்னாள். தெற்கே வெயில் அதிகம், தலையைத் துணியில்லாமல் காட்டாதே. ஹவாரியின் கஞ்சியில் உப்பைக் குறைக்காதே, கோபம் வந்தால் நீயே முதலில் பேசு, நாடுகள் மாதிரி முதலில் யார் கை நீட்டியது என்று கணக்குப் பார்க்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்யட்டும், உன் மடியை நிறைக்கட்டும், நீ கால் வைக்கிற வீட்டில் வாசல் எப்போதும் திறந்திருக்கட்டும். உம்மா முத்தங்கள் சொல்லச் சொன்னாள், எத்தனை என்று சொல்லவில்லை.

ஒன்று மறக்காதே. படித்தவுடன் இதை அடுப்பில் போட்டுவிடு. மேலே ஊர்ப்பெயரும் தேதியும் போடவில்லை, பின்னால் விலாசமும் எழுதவில்லை, இது காஜி கண்ணில் பட்டால் நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துபோய்விடும். பெயரும் போடவில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா