பயிற்சி அறைக்குள் ஆட்டுக்காலை மீண்டும் அனுமதிக்க வேண்டி

அனுப்புநர்:
மீ. லியாகத் அலி,
த/பெ மீரா உசேன்,
ஆட்டிறைச்சிக் கடை,
கடைத்தெரு, திருவையாறு.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
வெண்ணாறு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை,
தஞ்சாவூர் மாவட்டம்.

பொருள்: மூட்டு ஊசிப் பயிற்சிக்கு ஆட்டுக்கால் கொண்டுவர விதிக்கப்பட்ட தடையை நீக்கவும், முதுநிலை மாணவி டாக்டர் இசைவாணி மீதான நடவடிக்கையைக் கைவிடவும் கோருவது தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை, நாள் 09.05.2025.

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

1. நான் திருவையாறு கடைத்தெருவில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஆட்டிறைச்சிக் கடை நடத்திவருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். மனு எழுதித் தருபவரிடம் போனால் நான் சொல்வதில் பாதியை வெட்டிவிடுவார். வெட்டுகிற வேலையை நானே பார்த்துக்கொள்வேன் என்பதால் இதை என் கைப்பட எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2. என் மனைவி சைத்தூன் பீவிக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது முழங்காலில் அடிக்கடி நீர் கோத்துக்கொள்ளும். அந்த நேரங்களில் காலை மடக்க முடியாது, தொழுகையும் நாற்காலியில்தான். கடந்த ஜனவரியில் தங்கள் மருத்துவமனையின் மூட்டுப் பிரிவுக்கு அழைத்து வந்தேன். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம் என்று பேராசிரியர் டாக்டர் புகழேந்தி சொன்னார். பேச்சோடு பேச்சாக என் தொழிலைக் கேட்டார். சொன்னேன். மனிதர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

3. மாணவர்கள் அதுவரை ஒரு ரப்பர் முழங்காலில் பழகிவந்தார்களாம். எல்லோரும் குத்திக் குத்தி அது சல்லடையாகிப் போயிருந்தது. ஆட்டின் பின்னங்கால் கிடைத்தால் மூட்டுக்குள் உப்புநீரை ஏற்றிவிட்டு, ஸ்கேன் கருவியை மேலே வைத்துப் பார்த்தபடி ஊசியால் அந்த நீரைத் திரும்ப எடுத்துப் பழகலாம் என்றார். அன்று முதல் வாரம் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, இரண்டு பின்னங்கால்களைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவந்தேன். தோலோடு வேண்டும், நெருப்பில் வாட்டக் கூடாது, முடி இருந்தால் ஸ்கேனில் படம் தெரியாது என்றார்கள். ஆகவே ஆட்டுக்காலுக்குச் சவரம் செய்த முதல் கடைக்காரன் இந்தத் தாலுகாவில் நானாகத்தான் இருப்பேன். தோல் வாங்க வருபவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

4. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக இதைத் தாங்கள் நினைக்கக் கூடாது. இதற்கு நான் காசு வாங்கியதில்லை. பயிற்சி முடிந்த கால்கள் மருத்துவக் கழிவோடு போய்விடும். யாரும் குழம்பு வைப்பதில்லை. ஊரில் அப்படியும் ஒரு பேச்சு இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

5. கீழ்வேளூர் பக்கத்து விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை டாக்டர் இசைவாணி. அவர் மூன்று மாதம் என் கடைக் கால்களில் பழகினார். 21.04.2025 அன்று, பேராசிரியர் அருகில் நிற்க, மறுபடி நீர் கோத்திருந்த என் மனைவிக்கு அவர்தான் நீர் எடுத்தார். "அம்மா, ஒரே குத்துதான், அசையாம இருங்க" என்றார். சொன்னபடி ஒரே குத்து. அன்று மாலை என் மனைவி தரையில் பாய் விரித்துத் தொழுதார். நான் கடையைப் பாதியில் விட்டு வந்து பார்த்தேன்.

6. பிறகு 08.05.2025 அன்று நடந்தது தாங்கள் அறிந்ததே. டாக்டர் இசைவாணி என்னிடம் வாங்கிச் சென்ற பை மின்தூக்கியில் கிழிந்து, ஒரு கால் வெளியே விழுந்தது. உள்ளே இருந்த ஓர் அம்மாள் "ஐயோ, கொழந்த காலு!" என்று அலறினார். யாரோ கைப்பேசியில் படம் பிடித்தார்கள். மருத்துவமனையில் குழந்தையின் காலை வெட்டிவிட்டார்கள் என்று பதினோரு மணிக்குள் திருவையாறு வரை செய்தி வந்துவிட்டது. என்னிடம் அரைக் கிலோ கறி வாங்க வந்தவரே அதை என்னிடம் சொன்னார். "என்ன காலம் பாருங்க பாய்" என்று வருத்தப்பட்டார். நான் கறியை நிறுத்துக் கொடுத்தேன்.

7. விசாரணையில் வராத ஒன்றை இப்போது எழுதுகிறேன். வழக்கமாக நான் குளம்போடுதான் கொடுப்பேன், மூடி போட்ட வாளியில்தான் கொண்டுவருவேன். அன்று வாளி கடையில் வேறு வேலைக்குப் போய்விட்டது. மெல்லிய பிளாஸ்டிக் பைதான் இருந்தது. குளம்பு குத்திப் பை கிழிந்துவிடுமே என்று பயந்து குளம்புகளை நானே வெட்டி எடுத்தேன். அப்படியும் பை கிழிந்தது. குளம்பு இருந்திருந்தால் அது ஆடு என்று யாருக்கும் தெரிந்திருக்கும். மழித்த தோலும் குளம்பில்லாத காலுமாக அது கிடந்த கோலத்தைப் படத்தில் பார்த்தபோது எனக்கே ஒரு கணம் குழந்தையின் காலாகத்தான் தெரிந்தது. அந்த அம்மாள் மேல் தவறே இல்லை.

8. ஆனால் பை தன்னுடையது என்றும், கவனக்குறைவு தன்னுடையது என்றும் டாக்டர் இசைவாணி எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பெயரையோ கடையையோ அவர் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இது ஜூன் மாதம்தான், செவிலியர் ஒருவர் சொல்லி எனக்குத் தெரிந்தது. தெரிந்த அன்றே வந்திருக்க வேண்டும். கடை உரிமம் புதுப்பிக்கும் நேரம், பயந்துவிட்டேன். ஒரு பெண்பிள்ளையின் பின்னால் மூன்று வாரம் ஒளிந்திருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

9. தங்கள் சுற்றறிக்கைக்குப் பிறகு வளாகத்துக்குள் எந்த இறைச்சியும் வரக் கூடாது. நோயாளிக்கு வரும் கறிக்குழம்புத் தூக்கைக்கூடக் காவலர் திறந்து பார்க்கிறார். அது போகட்டும். மாணவர்களுக்கு இப்போது அந்தச் சல்லடை ரப்பரும் நோயாளியும்தான் மிச்சம். டாக்டர் இசைவாணி விசாரணை முடியும்வரை ஊசியைத் தொடக் கூடாது என்று நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறார்.

10. என் மனைவிக்கு மறுபடி நீர் கோத்து, 23.06.2025 அன்று வந்தோம். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஊசியைப் பிடித்தார். மூன்று முறை குத்தியும் நீர் வரவில்லை. நான்காவது முறை பேராசிரியரே வாங்கிச் செய்தார். தினமும் கத்தி பிடிக்கிறவன் நான். அன்று சுவரைப் பார்த்து நின்றேன். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தம்பியிடம், "ஏம்ப்பா, கை நடுங்குதே, காலைல சாப்பிட்டியா இல்லியா?" என்று கேட்டார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழகாமல் யாருக்கும் கை வராது. நானும் முதல் ஆட்டை உரித்தபோது தோலில் ஏழு ஓட்டை போட்டவன்தான். எங்கே பழகுவது என்பதுதான் கேள்வி.

11. ஆகவே ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது:

(அ) 08.05.2025 சம்பவத்துக்கு முழுப் பொறுப்பு என்னுடையது என்பதைப் பதிவுசெய்து, டாக்டர் இசைவாணியை மீண்டும் செய்முறைக்கு அனுமதிக்க வேண்டும்.

(ஆ) பயிற்சிக்கான ஆட்டுக்கால்களுக்கு மட்டும் தடையிலிருந்து விலக்கு அளிக்க வேண்டும். இனி குளம்போடு, பூட்டுப் போட்ட எவர்சில்வர் வாளியில், பின்வாசல் வழியாக, தாங்கள் சொல்லும் நேரத்தில் நானே நேரில் கொண்டுவருவேன். பொதுமக்கள் ஏறும் மின்தூக்கியில் அது போகாது.

(இ) எனக்கு அபராதம் விதிப்பதென்றால் விதிக்கலாம். அந்தப் பிள்ளையின் படிப்பில் கை வைக்க வேண்டாம்.

12. என் மனைவிக்கு அடுத்த ஊசி 28.07.2025 அன்று. மேற்பார்வையில் மாணவர் செய்வார் என்ற ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். இந்த முறையும் அந்தத் தம்பிதானாம். என் மனைவி அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார். "அதுவும் ஒரு வீட்டுப் புள்ளதானே, எங்கயாவது கத்துக்கிட்டுதானே ஆவணும்" என்கிறார். உடனிருப்பவர் கையெழுத்துக்கான இடம் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது. பேனாவை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. நாளைக்கே அனுமதி கிடைத்தாலும் அந்தத் தம்பி பத்துப் பன்னிரண்டு கால்களிலாவது குத்திப் பழகிவிடுவார். ஆட்டுக்கால் என் கடையில் தினமும் தொங்குகிறது. என் மனைவிக்கு வலது முழங்கால் ஒன்றுதான்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

இடம்: திருவையாறு
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) மீ. லியாகத் அலி

இணைப்பு:
1. கடை உரிம நகல்.
2. ஒப்புதல் படிவ நகல் (உடனிருப்பவர் கையெழுத்து இன்னும் இடப்படவில்லை).