சிவக்காத தகடு

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? கராஜின் ஈரத் தரையில் உட்கார்ந்து தகடு தட்டாதீர்கள். போனில் பேசும்போது உம்மா பக்கத்திலேயே இருப்பதால் இதை எழுதி, ஊருக்கு வரும், என்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் றிஸ்வியிடம் கொடுக்கிறேன்.

இங்கே கொரியாவில், கார் பாரம் குறைய வேண்டும் என்று கதவுகளை அலுமினியத்தில் செய்கிறோம். நம் அலவத்துகொட கராஜில் நீங்கள் நிமிர்த்தும் இரும்புக் கதவில் பாதிப் பாரம்தான். போன வாரம் ஒன்று நெளிந்திருந்தது. உங்கள் மகன் அல்லவா, கை சும்மா இருக்கவில்லை. நீங்கள் பழக்கியபடி நெருப்புக் காட்டி, சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். அது சிவக்கவேயில்லை, அப்படியே உருகி ஓட்டை விழுந்தது. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் கடைசிவரை ஒன்றும் காட்டாது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது எனக்குக் கழிவுத் தகடு தள்ளும் வேலை. இங்கே நெளிந்ததை யாரும் நிமிர்த்துவதில்லை, உருக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

"பழகிட்டு வாங்க மகன், ரெண்டு பேருமாச் செய்வம்" என்பீர்கள். கொண்டுவர என்னிடம் ஒரு தொழிலும் இல்லை வாப்பா. கராஜில் எனக்காக ஒதுக்கிய இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்.

றிஸ்வி திரும்பும்போது ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பல் அனுப்புங்கள். கீழே வாகனம் வந்துவிட்டது, அவர் அவசரப்படுகிறார். உம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நேற்றுப் போனில் என் குரல் நல்ல சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்.

உங்கள் மகன்
நிஸ்தார்