மேனேஜருக்கு இனி ஊசி இல்லை

மார்ச் 4

என் கண்ணுக்கு,

உன் வீட்டில் நீ எனக்காக வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையின் படம் வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதைக்கு வர முடியாது. நம் மூக்குக் கண்ணாடிக் கடையில் கல்லாமேல் படுத்து எல்லாரையும் மேற்பார்வையிடும் பூனை, அதுதான் மேனேஜர், அவனுக்குச் சர்க்கரை வியாதி. குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தான், வைத்ததையெல்லாம் தின்றான், ஆனாலும் எலும்பும் தோலுமாகிவிட்டான்.

மிருக டாக்டரம்மா அவன் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "காலையும் சாயங்காலமும் இன்சுலின் போடணும். மாவுச் சாப்பாடு வேண்டாம், கறி கொடுங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சதால, ஊசியே தேவைப்படாமப் போகலாம். சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார்.

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர், "வயசான பூனைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். "வயசான உங்களுக்கு மட்டும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்டேன்.

உன் அம்மா

ஏப்ரல் 2

அன்புள்ள அம்மா,

கோபித்துக்கொள்ளாதே. போன வருடம் கடைப் படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். கட்டுப் பிரித்த பிறகுதான் எனக்குச் சொன்னாய். இப்போதெல்லாம் போன் அடித்தாலே நீ விழுந்துவிட்டாயோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். நீயோ பூனையைச் சாக்குச் சொல்கிறாய். சரி, மேனேஜர் தேறட்டும். அப்புறம் நானே வந்து உன்னை அழைத்துப் போகிறேன். கடையை வாங்க ஆளும் பார்த்துவிட்டேன்.

உன் பிள்ளை

ஏப்ரல் 20

மகனுக்கு,

என் கடையை விற்க நீ யாரடா?

அம்மா

செப்டம்பர் 9

என் கண்ணுக்கு,

ஜூன் மாதம் ஒரு காலையில், ஊசி போட்ட பிறகு மேனேஜர் தள்ளாடினான். டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தபடி ஈறில் சர்க்கரைப் பாகைத் தடவி, அவனைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவரோ பரிசோதித்துவிட்டுச் சிரித்தார். "இவன் உடம்பே இன்சுலின் சுரக்க ஆரம்பிச்சிருச்சு. அதான் ஊசி ஜாஸ்தியாயிருச்சு," என்றார். அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, ஜூலையில் நிறுத்தியேவிட்டார். இன்றுவரை சர்க்கரை ஏறவில்லை. "தீந்துபோச்சுன்னு நெனைக்காதீங்க, அடங்கியிருக்கு. திரும்பவும் வரலாம், பார்த்துக்கிட்டே இருங்க," என்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேனேஜர் மறுபடி கல்லாமேல் தாவி ஏறுகிறான்.

இதை உன்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்னும் ஊசி போடுகிறேன் என்று எழுதினால் உனக்கு எப்படித் தெரியும்? பேனாவை எடுத்தபோது அப்படித்தான் நினைத்தேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. என் வீட்டில் நான் இருப்பதற்கு ஒரு பூனைக்கு வியாதி வர வேண்டுமா?

ஆகவே கேட்டுக்கொள். மேனேஜருக்கு ஊசி இல்லை. எனக்கு மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது. மறுபடியும் விழுந்தாலும் விழுவேன். இருந்தும் வர மாட்டேன். எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். காலையில் என் கையால் ஷட்டரைத் தூக்குவதும், கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு "அட, எழுத்து தெரியுதே" என்று யாராவது சொல்வதும் எனக்கு வேண்டும்.

உன்னை நினைக்காத நாளில்லை. உன் பயமும் புரிகிறது. இனி விழுந்தால் அன்றைக்கே உனக்குச் சொல்கிறேன். அந்த வாக்குத் தருகிறேன், அதற்குமேல் கேட்காதே.

நீ வா. ஆசை தீர இருந்துவிட்டுப் போ. திரும்பிப் போக மட்டும் ஒரே ஒரு டிக்கெட் எடு.

உன் அம்மா,
கண்ணாடிக் கடைக்காரி