பெல்ட் பார்த்தாயிற்று

ஜூன் 3, திங்கள்

இரண்டாம் நம்பர் புல்வெட்டும் வண்டிக்கு ஐம்பது மணி நேர ஓட்டம் முடிந்தது. ஆயில் மாற்றினேன். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் சூடான பிறகு அடி நட்டைக் கழற்றினால்தான் கசடோடு இறங்கும். தார் மாதிரி வந்தது. புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினேன். அளவு சரியாக நிற்கிறது.

பராமரிப்புத் தாளில் ஐந்து கட்டங்கள்: ஆயில், ஃபில்டர், பிளேடு, பிளேடு பெல்ட், ஓட்டும் பெல்ட். ஐந்துக்கும் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன். கடைசியை மட்டும் பார்க்கவில்லை. சக்கரத்தைச் சுழற்றுகிற அந்த பெல்ட் வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு மல்லாக்கப் படுக்க வேண்டும். நாளைக்குப் பார்த்தால் போயிற்று. போன தடவை நன்றாகத்தானே இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

மழை. யாரும் புல் வெட்டப் போகவில்லை. ஸ்டோர் ரூமைக் கழுவினோம். ஷெட் பக்கம் போகவில்லை.

ஜூன் 6, வியாழன்

கரையில் இரண்டாம் நம்பர் வண்டி சறுக்கி நாத்தனார் விழுந்துவிட்டாள். இடது முன்கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் குடிநீர் நிலையத்தில் நீர்த்தேக்கத்தைச் சுற்றி மண் கரை. அதில் புல் கணுக்காலுக்கு மேல் வளரக் கூடாது; வளர்ந்தால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சரிவில் ஓட்டத் துணிந்தவள் நாத்தனார் ஒருத்திதான். நாலு வருஷம் முன்பு நான் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் அவள் ‘ரேஸ்’. ‘ரேஸ் வருது, ஒதுங்குங்க’ என்று தோட்டக்காரர்கள் கத்துவார்கள். ஒரு கையைத் தூக்கி ராணி மாதிரி காட்டிக்கொண்டே போவாள்.

நேற்று பாதிச் சரிவில் ஏறும்போது வண்டி திடீரென்று இழுக்காமல் நின்று, பின்னால் உருளத் தொடங்கியிருக்கிறது. பிரேக்கை மிதித்தாளாம். சக்கரம் நின்றது, மழையில் ஊறிய புல்லில் வண்டி நிற்கவில்லை. மேட்டுப் பக்கம் குதித்தாள். வண்டி கீழே வடிகாலில் போய்க் குப்புற விழுந்தது. மறுபக்கம் குதித்திருந்தால்?

வண்டியை ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். காரணம் எழுதித் தர வேண்டியவள் மெக்கானிக். மெக்கானிக் நான்.

ஓட்டும் பெல்ட் அறுந்து தொங்கியது. உள்பக்கம் முழுக்க வெடிப்பு, வெயிலில் காய்ந்த சேறு மாதிரி. ஒரு நாளில் வருகிற வெடிப்பு இல்லை அது. திங்கட்கிழமை படுத்துப் பார்த்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருப்பேன். புது பெல்ட் அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறது.

அறிக்கையில் என்ன எழுதினேன்? ‘கவிழ்ந்த அதிர்ச்சியில் பெல்ட் அறுந்திருக்கலாம்.’ அந்த ‘லாம்’ என்கிற இரண்டெழுத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். பெல்ட்டைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன்டி எடுத்தே? யாரு கேட்டா?

ஜூன் 8, சனி

மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தார். போகும்போது என்னிடம் மட்டும், “ரேஸ்னு பேரு வாங்கினவங்க, வேற என்னம்மா நடக்கும்” என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினேன்!

ஜூன் 9, ஞாயிறு

ஒரு கையால் தலை பின்ன முடியாது. மூன்று நாளாக நான்தான் பின்னி விடுகிறேன். இடுப்பு வரை கூந்தல் அவளுக்கு. இன்று முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“தப்பு என் மேலதான் அண்ணி. ஏத்தத்துல கொஞ்சம் வேகமாத்தான் போனேன். நீங்க எத்தன தடவ சொல்லியிருக்கீங்க.”

“சரி விடு. தலைய ஆட்டாம உக்காரு.”

இதுதான் என் வாயிலிருந்து வந்தது. மூன்று கால் பிரித்துப் பின்னி, ரிப்பன் கட்டி, முடித்தேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

கணவரிடம் சொல்லிவிட்டேன். மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது. பெல்ட்டையும் காட்டினேன். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வெடிப்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“கை ஒடஞ்சது என் தங்கச்சிக்கு. கையெழுத்துப் போட்டது என் பொண்டாட்டி. நான் எங்க போய் நிக்கிறது?”

“நான் என்ன பண்ணட்டும்?”

“என்னக் கேக்காத. நான் என்ன சொன்னாலும் நாளைக்கு நீங்க ரெண்டு பேருமே என்னத்தான் சொல்லுவீங்க.”

துணிக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கிளிப்புகளெல்லாம் கொடியிலேயே.

ஜூன் 11, செவ்வாய்

நாளை விசாரணை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அன்றைக்குத் தலைவலியா? இல்லை. அவசரமா? இல்லை. வீட்டில் ஏதாவது சண்டையா? அதுவும் இல்லை. நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து துணி மடித்திருக்கிறேன். ஒரு காரணம் கிடைத்தால் தேவலை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. சோம்பல். அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

பொறியாளர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் பொறியாளர், மேற்பார்வையாளர். இந்தப் பக்கம் கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டுக்கொண்டு அவள், பக்கத்தில் நான்.

பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார். “வேகமா ஓட்டினீங்களாம்மா?”

“ஓட்டியிருப்பேன் சார்.”

‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஏற்கெனவே டைப் அடித்த தாளை அவள் முன்னால் நகர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டால் இனி வண்டி கிடையாது. பெருக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். தாள் நழுவியது. இடது கையால் பிடிக்க முடியாதல்லவா, என்னைப் பார்த்தாள். “அண்ணி, இதக் கொஞ்சம் புடிங்களேன்.”

பிடிக்கப் போன கை பைக்குள் போயிற்று. பெல்ட்டை எடுத்துத் தாள்மேல் வைத்தேன்.

“நான் பாக்கல சார். பாத்ததா டிக் போட்டேன். இது அறுந்ததாலதான் வண்டி உருண்டுது. அவ மேல தப்பு இல்ல.”

மேற்பார்வையாளர், “அப்ப அறிக்கைல எழுதினது?” என்றார்.

“அதுவும் பொய்தான் சார்.”

பொறியாளர் பெல்ட்டை வளைத்துப் பார்த்தார். வளைத்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வாயைப் பிளந்தது. தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். என்னை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், ‘லாம்’ இல்லாமல்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் சொன்னாள்:

“பெல்ட் அறுந்தா அறுந்துட்டுப் போவுது. மறந்துட்டீங்க, சரி. ஆறு நாள் என்ன நானே திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க தலை பின்னிவிட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்க.”

ஜூன் 13, வியாழன்

அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. சீப்பை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். திறக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

அழகு நிலையத்துக்குப் போய்க் கூந்தலை வெட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கழுத்துக்கு மேலே. ஒரு கையாலேயே வாரிக்கொள்கிற நீளம். கணவர் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பாத்திரம் ஒன்றுமில்லை கழுவ.

ஜூன் 18, செவ்வாய்

உத்தரவு வந்தது. எழுத்துமூல எச்சரிக்கை. செப்டம்பர் நடு வரை நான் எந்த வண்டியையும் தொடக் கூடாது. வேலி ஓரச் செடி வெட்டும் வேலை. பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு மெக்கானிக் வருகிறார். வேலை போகவில்லை. போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்குமோ? பைத்தியக்காரத்தனம்.

ஜூலை 2, செவ்வாய்

செடி வெட்டும்போது காது முழுக்க ஷெட்டில்தான். மூன்றாம் நம்பர் எஞ்சின் வெள்ளைப் புகை விடுகிறது. ஆயில் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள். போய்ச் சொல்லலாமா? சொன்னால் ‘உன் வேலையைப் பார்’ என்பார்களோ? அரை மணி நேரம் கத்தரியோடு நின்று, பிறகு போய்ச் சொன்னேன். புது மெக்கானிக், “ஆமாங்க, அரை லிட்டர் கூடிப்போச்சு. நன்றி” என்றார். இதற்கா இத்தனை பாடு.

வீட்டில் மூன்று பேர், மூன்று வேறு நேரங்களில் சாப்பாடு. அவள் கேட்பதெல்லாம் அண்ணன் வழியாகத்தான்.

ஜூலை 19, வெள்ளி

கட்டு பிரித்தார்கள். கை மெலிந்து குச்சியாக இருக்கிறது. பந்து பிடித்து அழுத்துகிறாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அவள் இன்று வேலைக்குத் திரும்பினாள். மறுபடி கரைக்கே போகிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஷெட்டில் ஜாக்கி சத்தம் கேட்டுத்தான் வாசலில் போய் எட்டிப் பார்த்தேன்.

இரண்டாம் நம்பர் ஜாக்கியில் நின்றது. அடியில் இரண்டு கால் தெரிந்தது. மெக்கானிக் டீ குடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறார், உள்ளே படுத்திருப்பவள் அவள். “பாத்தாச்சுன்னு சொன்னேங்க, கேக்க மாட்டேங்குறாங்க” என்றார் என்னைப் பார்த்து. இப்போது பராமரிப்புத் தாளில் மெக்கானிக்கின் கையெழுத்துக்குக் கீழே ஓட்டுநருக்கும் ஒரு இடம். அவள் எழுதிக் கேட்டதாம்.

ஷெட் வாசலைத் தாண்டி எனக்கு அனுமதியில்லை. திரும்பிப் போகக் கால் எடுத்தேன்.

“அண்ணி.”

அடியிலிருந்துதான் குரல். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

“உள்பக்கம் பளபளன்னு இருக்கு. வெடிப்பு இல்ல. இப்படி இருக்கலாமா?”

“இருக்கக் கூடாது. பெல்ட் ஓடுற சக்கரம், அந்தப் புல்லியில வழுக்கியிருக்கு. இன்னொரு வாரம் ஓடும், ஆனா ஏத்தத்துல நம்ப முடியாது. மாத்திடு.”

“மாத்திட்டு?”

“பெல்ட்ட இறுக்குற ஸ்பிரிங் இழுவை சரியா இருக்கான்னு விரலால அமுக்கிப் பாரு. புல்லி உருள்றப்போ கரகரன்னா அதையும் மாத்தணும்.”

மெக்கானிக் டீயைக் கீழே வைத்துவிட்டுப் புது பெல்ட் எடுக்கப் போனார். நான் வாசலிலேயே நின்றேன். முக்கால் மணி நேரம். வெளியே வந்தாள், முகமெல்லாம் கறுப்பு, குட்டை முடியில் கிரீஸ். தாளை வாங்கி, ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

“நீங்க சொன்னதுக்காகப் போடல. நானே தொட்டுப் பாத்தேன்” என்றாள்.

“தெரியும். அப்படியே பண்ணு.”

வண்டியில் ஏறினாள். சரிவின் அடியில் ஒரு நொடி நின்றாள். அப்புறம் மெதுவாக, அவள் ஓட்டி நான் பார்த்தேயிராத நிதானத்தில், மேலே ஏறினாள். உச்சியில் திரும்பி அடுத்த வரிசைக்கு இறங்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். பிறகுதான் வேலிக்குத் திரும்பினேன்.