பெர்னார்டா, தைராய்டா

மார்ச் 7

கோயிலில் சிலுவைப்பாதை. எல்லோரும் உருக வேண்டிய பாட்டைக் கல்யாண ஊர்வலம் போலப் பாடி முடித்தேன். பாடல் குழுவுக்கே மூச்சு வாங்கியது. கீபோர்டு வாசிக்கும் பெர்னார்ட் மட்டும் முகம் சுளிக்காமல் என் வேகத்துக்கே வாசித்தார். "பிரிஜட், பஸ் பிடிக்கணுமா?" என்றார், அவ்வளவுதான். என் கை வெடவெடத்துப் பாட்டுத்தாள் கீழே விழுந்தது. நாற்பத்தாறு வயதில் எனக்கு இது தேவையா?

தேவைதான்.

மார்ச் 9

தின்றுகொண்டே இருக்கிறேன், ஆனாலும் ஸ்கர்ட் இடுப்பில் நிற்கவில்லை. விடிந்ததும் எழுந்து ஜன்னல் எல்லாம் துடைத்தேன். தங்கை ரெனீ பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாருக்கா அது? முகமே சொல்லுதே லா."

சொல்லிவிட்டேன். பெர்னார்ட். மனைவி தவறிவிட்டார். ரயில் பராமரிப்பு வேலை, வீடு சிங்கப்பூரின் அந்தக் கோடியில், சுவா சூ காங்கில். வேறு ஒன்றும் தெரியாது. போதாதா?

மார்ச் 12

ஆபீஸ் ஏர்கானைப் பதினெட்டு டிகிரியில் வைத்தேன். பக்கத்து மேசை அதீஃப் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முறைக்கிறான். காதலித்தால் இப்படியா வேர்க்கும்?

மார்ச் 17

ரெனீ கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் முனீரா என் கையை நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், எச்சில் விழுங்கச் சொன்னார், ரத்தம் எடுக்க அனுப்பினார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மார்ச் 20

தைராய்டு. தேவைக்கு மேல் சுரக்கிறதாம். டாக்டர் முனீரா விளக்கினார்:

"மூளைக்கு அடியில ஒரு சுரப்பி இருக்கு. கழுத்துல இருக்கிற தைராய்டுக்கு 'போதும்', 'இன்னும் வேணும்'னு அதுதான் சொல்லும். இப்ப அது 'போதும்'னு சொல்லியாச்சு, உங்க தைராய்டு கேக்கல. ஏர்கான் ரிமோட்ல ஆஃப் அழுத்தியும் ஓடிக்கிட்டே இருக்கிற மாதிரி."

படபடப்பு, மெலிவு, வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத குஷி... அடப்பாவமே, என் காதலை அல்லவா வரிசையாகச் சொல்கிறார்.

"டாக்டர், ஒருத்தரப் பாத்தா மட்டும் நெஞ்சு அடிச்சுக்கிட்டா?"

"யாரையும் பாக்காமலும் அடிச்சிருக்குமே? மாத்திரை போடுங்க, எல்லாம் அடங்கிடும்."

எல்லாமுமா?

மார்ச் 21

மாத்திரையைப் பிரிக்கவில்லை.

மார்ச் 23

ரெனீ கண்டுபிடித்துவிட்டாள். "லூசாக்கா நீ? ஹார்ட் கெட்டுப்போகும்."

"இது அடங்கிட்டா அவரும் போயிடுவாரு ரெனீ. இத்தன வருஷத்துல இப்பத்தான் இப்படி சந்தோஷமா இருக்கேன். அதுக்கும் மாத்திரையா?"

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். விழுங்கினேன். பயமாக இருக்கிறது.

மார்ச் 28

நான் ஏன் அப்படி வேகமாகப் பாடினேன் என்று பெர்னார்டிடம் சொன்னேன். தைராய்டு பற்றி மட்டும்தான், மற்றதைச் சொல்லவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். "வேற என்னென்ன செய்யும் அது?" என்று கவலையாகக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஓ," என்று சொல்லி, ஏற்கனவே மூடியிருந்த கீபோர்டை மறுபடியும் மூடினார்.

ஏப்ரல் 5

கை ஆடவில்லை. ஸ்கர்ட் நிற்கிறது. ஐயோ.

ஏப்ரல் 12

பாடல் பயிற்சி. பெர்னார்ட் உள்ளே வந்தார். நெஞ்சைக் கவனித்தேன். ஒன்றுமில்லை. லிஃப்டுக்கு நிற்கிறவளைப் போல நிற்கிறேன். பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அவ்வளவுதானா? போயிடுச்சா?

இடைவேளையில் எல்லோருக்கும் பருப்பு வடை எடுத்துக் கொடுத்தேன். டப்பாவின் ஓரத்தில் மொறுமொறுப்பாக இரண்டு மட்டும் டிஷ்யூவில் சுற்றித் தனியாக இருந்தன. பெர்னார்டுக்கென்று நான் வைத்தவை. எப்போது வைத்தேன்? காலையில், நெஞ்சு சும்மா கிடந்தபோது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. மெதுவாக.

ஏப்ரல் 16

ரத்தத்தில் அளவு சரியாகிவிட்டது. மாத்திரை தொடர வேண்டும். பெர்னார்டும் தொடர்கிறார்.

ஏப்ரல் 20

உயிர்ப்பு ஞாயிறு. அல்லேலூயாவை நான் நிதானமாகத்தான் எடுத்தேன். கீபோர்டு என்னை விட்டுவிட்டு எங்கோ முன்னால் ஓடியது. சாமியார் திரும்பிப் பார்த்தார்.

பூசை முடிந்து தேக்கா சந்தையில் கோப்பி குடிக்கப் போனோம், நானும் பெர்னார்டும் மட்டும். அவர் கையில் கோப்பை கடகடவென்று ஆடித் தட்டெல்லாம் கோப்பி.

"என்ன பெர்னார்ட், உங்களுக்கும் தைராய்டா?"

மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்னது எல்லாமே எனக்கும் இருந்துச்சு. பயந்து போய் டெஸ்ட் எடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நார்மல்."