உன் முடி எந்த வகை?

என் வாயாடிக்கு,

இங்கே நான் சுகம். உனக்குச் சளி விட்டதா? அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? போனில் கேட்டால் வீடே சிரிக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கிடங்கில் ஷிப்டு முடிந்ததும், நீ கேட்ட ஷாம்பு வாங்கப் போனேன். வீட்டுக்காரிக்கு என்றதும் கடைக்கார அக்கா, "அவங்களுக்கு என்ன மாதிரி முடி? எண்ணெய்ப் பிசுக்கு அதிகம்னா, நுரைக்காக சல்பேட் போட்டது நல்லா எடுத்துடும். வறண்ட முடின்னா அது இன்னும் காய வச்சிடும், சல்பேட் இல்லாததா பாருங்க" என்றார். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய சடையோடுதான் உன்னைப் பார்த்திருக்கிறேன். "நீளமா இருக்குங்க" என்று மட்டும் சொன்னேன்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"ஏழு."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஏழு வருஷத்தில் நாம் சேர்ந்திருந்தது எத்தனை மாதம் என்று கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்.

ஷாம்பு இன்னும் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைப்பதற்கு முன், முடியை உலர்த்திக்கொண்டே வீடியோவில் வா. வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னலோரம் உட்கார். அவசரமில்லை, நன்றாகக் காயும்வரை இரு.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். ஷாம்புவுக்காகத்தான் கேட்கிறேன்.

உன்னவன்