நாலு நாள் ஷிஃப்ட்

மந்தாரக்குப்பம், நெய்வேலி
14.05.2025

அன்புள்ள மருமகன் வளவனுக்கு, உன் தாய்மாமன் குழந்தைவேல் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் உன் அம்மா ஆதிலட்சுமியும் சௌக்கியம். நீ சௌக்கியம் என்பதை ஞாயிற்றுக்கிழமை காலை உன் குரலிலேயே கேட்டுவிட்டோம். ஆகவே அதை விசாரிக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். எல்லையில் சண்டை எத்தனை நாள் நடக்கும், எந்தக் கிழமை நிற்கும், எல்லாம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே விஷ்ணுவின் டீக்கடையில் வந்து கேட்டுப் பார், சாட்சி இருக்கிறது. சந்தியாகு மட்டும் இல்லை என்பான். அவன் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன், மற்றவன் பெருமை அவனுக்குப் பொறுக்காது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், தெருவே கேட்கிறது. சில விஷயங்கள் மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் இருக்க வேண்டும். படித்ததும் கிழித்துவிடு.

போன புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு நீ ஒரு செய்தி அனுப்பினாயே, "எங்கள ஷிஃப்ட் பண்றாங்கம்மா. போன் இருக்காது. கவலப்படாத" என்று. நீ ஒன்று நினைத்து எழுதினாய். படித்தவள் நெய்வேலிக்காரி. இங்கே ஷிஃப்ட் என்றால் என்ன? ஆறு மணியிலிருந்து ரெண்டு மணி, அவ்வளவுதான். "புள்ள மொத ஷிஃப்டு போயிருக்கான், ரெண்டு மணிக்கு முடிஞ்சதும் போன் பண்ணிருவான்" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டவுன்ஷிப்பில் ரோடு கூட்டப் போய்விட்டாள்.

ரெண்டு மணிக்குச் சங்கு ஊதியது. சுரங்கத்து பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. உன் அம்மா துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மணி ஆனது. நான்கும் ஆனது. அங்கிருந்து நேரே டீக்கடைக்கு வந்துவிட்டாள். வந்தவள் டி.வி.யைப் பார்த்தாள். அதில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று உனக்கே தெரியும். அன்று காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டி.வி.யில் நாலு கட்டம் போட்டு நாலு நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரிகள். ஒருவர் ஒரு மாதம் நடக்கும் என்றார். ஒருவர் ஒரு வாரம் என்றார். இன்னொருவர் இரண்டு பக்கமும் எல்லையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது, இனி போர் என்றால் ட்ரோன்தான் என்றார். நான் அவருக்கு அங்கிருந்தே பதில் சொன்னேன். "ஐயா, முந்திரித் தோப்புல அணில் வந்தா ஜே.சி.பி. வச்சி வெரட்டுவியா? சின்ன சாமானுக்குச் சின்ன சாமான்தான் வச்சி அடிக்கணும்" என்றேன். அடுத்த நாள் அதே மனிதர் அதையே இங்கிலீஷில் சொன்னார். ஆயுதங்களை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று ஒருவர் புள்ளிவிவரம் அடுக்கினார். அதையும் நான் அப்போதே சொன்னவன். வெளிநாட்டு மெஷினுக்கு ஒரு பல்சக்கரம் வர எத்தனை நாள் ஆகும் என்று சுரங்கத்தில் பெல்ட் பார்த்தவனுக்குத் தெரியாதா? சந்தியாகு என்ன சொன்னான் தெரியுமா? "யோவ், நீ எட்டாங்கிளாஸ். பெல்ட்டு ஓரத்துல சிந்தன கரிய வாரிக்கினு இருந்தவன். ஒனக்கு எதுக்குய்யா எல்லை?" என்றான். பதில் சொல்லியிருப்பேன், உன் அம்மா இருந்தாள்.

உன்னைப் போல அக்னிவீராகச் சேர்ந்தவர்களைப் பற்றியும் ஒரு நாள் விவாதம் வந்தது. நாலு வருஷம் கழித்து நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள், இது சரியா தவறா என்று கத்திக்கொண்டார்கள். உன் அம்மா அதை மட்டும் கவனமாகக் கேட்டாள். அவள் பத்தொன்பது வருஷமாக கான்ட்ராக்ட். நீ பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்கே என்னிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்பண்ணே பர்மனென்ட் ஆவான்?" என்பதுதான். விவாதம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னாள், "குண்டு விழறப்ப கான்ட்ராக்டு யாரு, பர்மனென்டு யாருன்னு பாத்தா வுழுவுது?" என்று. நாலு கட்டத்தில் இருந்த ஒருவரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. என் தங்கச்சி அல்லவா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு மணி நேரம் ஆயிட்டுதே, ஏண்ணே இன்னும் புள்ள போன் பண்ணல?" என்று கேட்டாள். அப்போதுதான் கர்னல் சோமசுந்தரத்தின் கருத்தைச் சொன்னேன். மூன்று போர் பார்த்தவர். மீசை காதைத் தொடும். பிளாக் இருபத்தொன்றில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறார், ஓநாய் உயரத்துக்கு ஒரு நாய் வைத்திருக்கிறார், காலையில் நடக்கும்போது என்னைப் பார்த்தால் நாயே சல்யூட் அடிக்கும். அவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னது இது: "குழந்தைவேல், பட்டாளத்தில் ஒரு ஷிஃப்ட் என்பது நாலு நாள். உங்கள் மருமகன் இருக்கும் பிரிவு பின்னால் ஸ்டோரில் இருக்கிறது. சனிக்கிழமை ஷிஃப்ட் முடியும்."

இதைக் கேட்டதும் உன் அம்மா விரலை மடக்கி எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி, சனி. பிறகு விஷ்ணுவைப் பார்த்து, "ஒரு பன்னு குடு தம்பி" என்றாள். அவள் அந்தப் பன்னைத் தின்று முடிக்கும்வரை நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் புகை பட்டது. விஷ்ணு கேஸ் அடுப்புதான் வைத்திருக்கிறான், ஆனாலும் பட்டது.

மூன்று நாளும் தவறாமல் வேலைக்குப் போனாள், சாப்பிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்று டி.வி.யில் வந்தது. கடையே எழுந்து நின்றது. சந்தியாகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, "யோவ், ஒங்க கர்னல் பெரிய ஆளுய்யா" என்றான். மறுநாள் காலை உன் போன். உன் அம்மா உன்னிடம் அழவே இல்லை, கவனித்தாயா? "ஷிஃப்டு முடிஞ்சிதாப்பா?" என்று மட்டும் கேட்டாள். நீயும் எதுவும் தெரியாமல், "முடிஞ்சிதும்மா" என்றாய். நல்ல பிள்ளை. அதன் பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், கர்னலுக்கு நன்றி சொல்லியே தீருவேன் என்கிறாள். திங்கட்கிழமை பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அறுத்து, சுளைகளை டிபன் பாக்ஸில் வைத்து, பிளாக் இருபத்தொன்றுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று என்னிடம் நீட்டினாள். நீ லீவில் வரும்போது நேரில் போய் அவர் காலில் விழ வேண்டும் என்று வேறு சொல்லியிருக்கிறாள். அடுத்த போனில் உன்னிடமும் சொல்லுவாள்.

ஆகவே வளவா, மாமன் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கர்னலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஆமாம் போடு. பட்டாளத்தில் ஒரு ஷிஃப்ட் நாலு நாள்தான் என்று சொல். நீ ஸ்டோரில் இருந்ததாகவே சொல். எங்கே இருந்தாய் என்று நான் கேட்க மாட்டேன், நீயும் எனக்கு எழுத வேண்டாம். இனிமேல் இப்படி ஒன்று வந்தால் "ஷிஃப்ட்" என்று மட்டும் அனுப்பாதே. "இடம் மாறுகிறோம்" என்று அனுப்பு. இன்னொரு தடவை கிழமை குறித்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

உன்னை நம்பி எழுதுகிறேன். கர்னல் என்று ஒருவர் கிடையாது. சோமசுந்தரம் என்பது எங்கள் பழைய டைம் ஆபீஸ் கிளார்க்கின் பேர், வாயில் வந்தது. நாயும் கிடையாது. சனிக்கிழமை நிற்கும் என்று எனக்கு எவனும் சொல்லவில்லை. நாலு நாள் என்றால் அவள் தாங்குவாள் என்று தோன்றியது, சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் வரை எனக்கும் சோறு இறங்கவில்லை.

பலாச்சுளையை நானேதான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்றேன். இதில் ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. டப்பாவைக் கொடுக்கும்போது உன் அம்மா, "நாலு சுளைதாண்ணே வச்சிருக்கேன். கர்னலுக்குச் சக்கர ஜாஸ்தி, மாத்திரய மறக்காம போடச் சொல்லு" என்றாள். எனக்குத்தான் சர்க்கரை. கர்னலுக்கும் சர்க்கரை என்று அவளுக்கு யார் சொன்னது?

பத்திரமாக இரு அப்பா. நூறு வயது இருந்து, எங்களையெல்லாம் நீ தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சீக்கிரம் லீவு எழுதிக் கொடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் மாமன்,
க. குழந்தைவேல்
(ஓய்வு, பெல்ட் செக்‌ஷன்)